கோழிகளோடு வீடு மாறுகிறீர்களா? புறக்கடை கேள்வி–பதில்

வைகாசி, ஆனியில் வீடு மாறுகிறவர்கள் அதிகம். அதையொட்டி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கோவை நகரத்திலிருந்து கோபிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாடகை வீட்டுக்குப் போகிறோம். 60 கிலோமீட்டர் தூரம். பத்துப் பெட்டைக் கோழி, ஒரு சேவல், எல்லாம் நாட்டுக்கோழி. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் பொடக்காலி இருக்கிறது. கோழிகளை எப்படிக் கொண்டுபோவது? புது இடத்தில் தொலைந்துவிடாதா?

முதலில் கூடு, பிறகுதான் கோழி. சாமான் ஏற்றும் நாளன்று கோழிகளையும் ஏற்றிக்கொண்டு போய், "கூடு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று பொடக்காலியில் திறந்துவிடுவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. கோழி உங்களை நம்பி நிற்பதைவிட இடத்தை நம்பித்தான் நிற்கும். பழகாத இடத்தில் பொழுது சாய்ந்தால் கிடைத்த புதரிலோ முருங்கை மரத்திலோ ஒண்டிக்கொள்ளும். அன்று இரவே மரநாய் வந்தால் மறுநாள் இறகுதான் மிஞ்சும்.

பதினோரு கோழிக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம் கொண்ட கூடு போதும். ஒன்றுக்கு இரண்டு சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கால் வைத்துத் தூக்கிவிடுங்கள். உள்ளே உட்காருவதற்கு 6 அடி நீளத்தில் இரண்டு கட்டைகளை ஒரே உயரத்தில், ஓரடி இடைவெளியில் போடுங்கள். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே போட்டால் எல்லாமே மேல் கட்டைக்குச் சண்டையிடும், தோற்றது தரையில் படுக்கும். கட்டை இரண்டு அங்குலத் தடிமன், விளிம்பு மழுங்கலாக இருக்க வேண்டும். பழைய கூட்டில் பேன், உண்ணி இல்லையென்றால் அந்தக் கட்டையையே கழற்றி எடுத்துப் போங்கள். கால் பழகிய கட்டையில் முதல் இரவே ஏறி உட்காரும். முட்டையிட ஓரடிச் சதுரத்தில் மூன்று பெட்டிகளை இருட்டான மூலையில் வையுங்கள். வாடகை வீடு என்பதால் எதையும் சுவரில் ஆணியடித்துப் பொருத்தாமல், திருகாணியும் போல்ட்டும் போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்துகொண்டால் அடுத்த வீட்டுக்கும் கூடவே வரும்.

பிடிப்பதை முந்தின இரவு ஏழரை, எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. கட்டையில் இருக்கும்போதே இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்துப் பிடித்தால் சத்தமில்லாமல் வரும். பகலில் துரத்திப் பிடித்தால் களைத்துப்போன கோழியை வெயிலில் ஏற்றுகிறீர்கள் என்று பொருள். 3 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் கோழிப்பெட்டி ஒன்றில் ஐந்து பெட்டை வீதம் இரண்டு பெட்டி. சேவலுக்குத் தனியாக ஒரு மூங்கில் கூடை. அடியில் வைக்கோல் பரப்புங்கள். செய்தித்தாள் போட்டால் வழுக்கிக் கால் பிசகும். சாக்கால் முழுதும் மூடுவதும் கூடாது. கோழிக்கு வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். காற்று நின்றுபோனால் ஒரு மணி நேரத்தில் சாகும். மாலை இரையோடு நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மட்டும் ஏற்றும்வரை இருக்கட்டும். விடியுமுன் நான்கு, ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் போய்விடலாம். டெம்போவில் பீரோவுக்கு அடியிலோ புகைக்குழாய்ப் பக்கமோ பெட்டியை வைக்காதீர்கள்.

போனதும் நேரே கூட்டுக்குள் விடுங்கள். முதலில் தண்ணீர், அரைமணி கழித்து இரை. அதன்பின் ஏழு முழு நாள் வெளியே விட வேண்டாம். கூட்டை ஒட்டி 10 அடிக்கு 10 அடி வலை கட்டி, பகலில் அதற்குள் உலாவவிட்டால் போதும். மேயாத நாள்களில் ஒரு கோழிக்கு 100 கிராம் இரை வேண்டும். பதினோரு கோழிக்கு ஏழு நாளைக்கு எட்டுக் கிலோ ஆகும். பழைய வீட்டில் கொடுத்துவந்த அதே கம்பு, நொய், தவிட்டுக் கலவையைப் பத்துக் கிலோவாகக் கட்டிக்கொண்டு போங்கள். இடமும் இரையும் ஒரே நேரத்தில் மாறினால் கோழிக்குக் கழிச்சல் வரும். தண்ணீர் சாதாரண நாளில் மூன்று லிட்டருக்கு மேல் செலவாகும், வெயில் காலத்தில் அதன் இருமடங்கும் ஆகலாம். ஒரே பாத்திரத்தில் வைத்தால் பெரிய கோழி மறித்துக்கொள்ளும். இரண்டு இடத்தில் வையுங்கள்.

எட்டாம் நாள் காலையில் திறந்துவிடாதீர்கள். மாலை பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, வயிறு கொஞ்சம் காலியாக இருக்கையில் திறங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தூரம் போகாது, இருட்டியதும் தெரிந்த கட்டைக்கே திரும்பும். இரை வைக்கும்போது தினமும் ஒரே தகரத்தைத் தட்டிப் பழக்கியிருந்தால் அந்தச் சத்தத்துக்கு ஓடி வரும். கூட்டை அடைக்கும்போது எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் டார்ச் அடித்துக் கிளைகளையும் சுவர்மேட்டையும் பாருங்கள். இருட்டியபின் எடுத்துவந்து கட்டையில் உட்காரவையுங்கள். மரத்திலேயே இரண்டு இரவு தூங்கவிட்டால் அதுவே வழக்கமாகிவிடும். நான்கு மாலை இப்படிச் செய்தபின் பகல் முழுதும் விடலாம்.

முட்டை நின்றுபோகும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம், சில கோழி இறகும் உதிர்க்கும். இது நோயில்லை. டானிக் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பெட்டியில் ஒரு பொய் முட்டையோ, முட்டை வடிவில் உருண்டைக் கல்லோ வைத்தால் புதரில் போய் இடாமல் அங்கேயே இடப் பழகும்.

கேள்வி: நாங்கள் குடிவந்த வீட்டில் முன்பிருந்தவர்கள் விட்டுப்போன மரக் கோழிக்கூடு இருக்கிறது. நல்ல தேக்கு. கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா?

கழுவுமுன் ஒரு சோதனை. இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போங்கள். பகலில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கோழிச்செள்ளும் உண்ணியும் பகலில் மர இடுக்கில் பதுங்கியிருக்கும். உட்காரும் கட்டை கூட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள், பிரச்சினை அங்கேதான் இருக்கும். மெல்லிய கத்தி முனையை அந்த இடுக்கில் விட்டு இழுத்து, வெள்ளைத் துணியில் தட்டுங்கள். சாம்பல் தூள்போல விழுந்து அசைந்தால் செள்ளு. தட்டையாக, விதைபோலப் பழுப்பு நிறத்தில் ஒன்று மெதுவாக நகர்ந்தால் உண்ணி. துணியை மடித்து நசுக்கினால் ரத்தக்கறை படும்.

செள்ளு கோழியில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், உண்ணி ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஆகவே "கூடு ஒரு வருஷமாகச் சும்மாதான் கிடந்தது" என்று யார் சொன்னாலும் நம்பி விட்டுவிடாதீர்கள். உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்காது, காய்ச்சலையும் பரப்பும். கொண்டை வெளுத்து, காலிழுத்துச் சாகும் கோழிகளைப் பலரும் வேறு நோயென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உண்ணி இருந்தால் எங்கள் தீர்ப்பு: தேக்கானாலும் சரி, உட்காரும் கட்டைகளைக் கழற்றி எரித்துவிடுங்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கூடு அவருடைய சொத்து. மீதிச் சட்டத்தைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் மூன்று நாள் உலர்த்தி, இடுக்குகளைச் சிமென்ட் அல்லது மரப்பட்டியால் அடைத்து, கெட்டியான சுண்ணாம்பைப் பத்து நாள் இடைவெளியில் இருமுறை பூசுங்கள். இடுக்கைச் சுட ஊதுவிளக்கு (ப்ளோ லேம்ப்) எடுத்தால் அதன் தீயைச் செங்கலிலும் இரும்பிலும் மட்டும் காட்டுங்கள். கீற்று வேய்ந்த கூடு பக்கத்தில் இருந்தால் வேண்டவே வேண்டாம். வயலுக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தை எடுத்து அடிக்காதீர்கள். கோழிக்கும் ஆபத்து, முட்டையிலும் இறங்கும். எந்த மருந்து, எத்தனை நாள் முட்டை சாப்பிடாமலிருப்பது என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மண்ணையும் மறக்காதீர்கள். அக்கம்பக்கத்தில், முன்பிருந்தவர்கள் கோழி மொத்தமாகச் செத்ததா என்று கேளுங்கள். கூட்டைச் சுற்றி மூன்று அங்குல மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்தி, ஆற்றுமணலோ கிராவலோ போட்டு நிரவுங்கள். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமி ஈரமண்ணில் பல மாதம் இருக்கும். சுண்ணாம்பு தூவுவதைவிட மண் நன்றாகக் காய்வதும் வெயிலும்தான் அதற்கு எமன். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கூடு இருந்தால் எத்தனை சுத்தம் செய்தாலும் திரும்ப வரும். கூட்டையே மேட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் கிணற்றுக்கு மேல் மேட்டில் வேண்டாம்.

பழைய குப்பையைக் கிளறும்போது ஆணி, கண்ணாடி, தெர்மாகோல் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். தெர்மாகோலைக் கோழி ஆசையாகத் தின்னும்.

கேள்வி: வந்த இரண்டு வாரத்தில் மூன்று கோழி போய்விட்டது. கீரி என்கிறார்கள், மரநாய் என்கிறார்கள். பொறி வைக்கலாமா?

பொறி வேண்டாம், விஷம் அறவே வேண்டாம். கீரி, மரநாய் இரண்டுமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. விஷம் வைத்தால் உங்கள் கோழியும் பக்கத்து வீட்டு நாயும்தான் முதலில் சாகும். பகலில் குறைந்தால் கீரி, நாய், பருந்தைச் சந்தேகியுங்கள். இரவில் அடைத்த கூட்டிலிருந்து போனால் மரநாய் அல்லது காட்டுப்பூனை. முட்டை மட்டும் ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பாம்பு. கை விட்டு முட்டை எடுக்குமுன் டார்ச் அடியுங்கள்.

கோழிவலை என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் உதவும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. பல்லால் இழுத்தாலே பிரியும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டுமெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) வாங்குங்கள். வலையை மண்ணுக்குள் இறக்க ஆழத் தோண்டுவதற்கு வீட்டுக்காரர் ஒப்பவில்லையென்றால், கூட்டின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி வலையைத் தரையோடு படுக்கவைத்துக் கல் அடுக்குங்கள். கூட்டுக்கு ஒட்டித் தோண்டத்தான் விலங்கு முயலும், வலை தட்டினால் விட்டுவிடும். கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு ஆணியைச் செருகுங்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். அதை விட்டுவிட்டுத்தான் பலர் கதவை மட்டும் பலப்படுத்துகிறார்கள்.

கொங்குப் பக்கமாக இருந்தால் மயிலும் இரைக்கு வரும். அதையும் விரட்டத்தான் முடியும். இரையைத் திறந்தவெளியில் கொட்டாமல் கூட்டுக்குள் வைப்பதே வழி.

கேள்வி: இடம் மாற்றுமுன் தடுப்பூசி போட வேண்டுமா?

வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) கட்டாயம் போடுங்கள். புது ஊரில் எந்தக் கோழி எதைச் சுமந்து திரிகிறது என்று யாருக்கும் தெரியாது. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி போடும் ஊசி அது. எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே வீடு மாறும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். குடற்புழு மருந்தை அதற்கும் ஒரு வாரம் முன்பு கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். மாறும் அன்று, மாறிய வாரத்தில் போடாதீர்கள், களைத்த உடம்பில் ஊசி பலிக்காது.

ஒரு குப்பி நூற்றுக்கும் மேற்பட்ட கோழிக்கு வரும். கரைத்தபின் ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் தெருவிலுள்ள நாலைந்து வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் கோழிக்குப் போட்டால் உங்கள் கோழிக்கும் பாதுகாப்பு. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது.

கேள்வி: வீட்டுக்காரர் வாயால் "கோழி வளர்த்துக்குங்க" என்றார். போதுமா?

போதாது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: இத்தனை கோழி வரை, கூடு குடியிருப்பவருடையது, காலி செய்யும்போது கழற்றி எடுத்து இடத்தைச் சுத்தம் செய்து தருவார். சேவல் உண்டா என்பதையும் எழுதுங்கள். விடிகாலைக் கூவலில்தான் முதல் மனத்தாங்கல் வரும். போன அன்றே பொடக்காலியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்துத் தோட்டக்காரர் நிலக்கடலை விதைத்திருக்கிறார். எங்கள் கோழி போய்க் கிளறிவிட்டது. என்ன செய்வது?

நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், நட்டத்துக்கு விதை வாங்கித் தருவதாகச் சொல்லுங்கள். விதைத்தவருக்கு அது ஒரு பிடி கடலை மட்டுமில்லை, அந்தப் பட்டத்து நம்பிக்கை. பிறகு, அவர் விதைநேர்த்தி செய்தாரா, எந்த மருந்து என்று கேளுங்கள். மருந்து கலந்த விதை கோழிக்கு விஷம். ரோஸ் நிறத்தில் இருந்தால் அநேகமாக மருந்துதான். தின்ற கோழி தள்ளாடினால் உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், அந்த வார முட்டையையும் சாப்பிட வேண்டாம்.

விதைத்த பதினைந்து நாளும், களத்தில் நெல் காயும் நாள்களிலும், மருந்தடித்த மறுநாளும் கோழியை வலைக்குள்ளேயே வைத்திருங்கள். ஐந்தடி வலையையும் நாட்டுக்கோழி பறந்து தாண்டும். அதற்கு ஒரு பக்க இறக்கையில் மட்டும் நுனியிலுள்ள பத்து நீள இறகுகளைப் பாதிக்கு வெட்டுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, தாவிவிடும். வெட்டுமுன் இறகின் தண்டை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் வலிக்காது. கருநீலமாக ரத்தம் ஓடினால் அது வளரும் இறகு, தொடாதீர்கள். அடுத்த இறகுதிர்ப்பில் எல்லாம் திரும்ப முளைத்துவிடும், அப்போது மறுபடி வெட்ட வேண்டும்.

கேள்வி: ஒரு கோழி அடையில் இருக்கிறது. இந்த நேரத்தில் வீடு மாறலாமா?

அடை வைத்த முதல் இரண்டு வாரத்துக்குள் என்றால் முட்டையை வண்டியில் ஏற்றாதீர்கள். குலுக்கலில் கரு போய்விடும். முடிந்தால் 21 நாள் கழித்து, குஞ்சு பொரிந்து ஒரு வாரம் ஆனதும் தாயையும் குஞ்சுகளையும் ஒரே கூடையில் கொண்டுபோங்கள். கடைசி நாலைந்து நாளில்தான் போக வேண்டியிருந்தால், உமி நிரப்பிய கூடையில் முட்டையை வைத்து, இரவில் தாயை மேலே உட்காரவைத்துத் துணியால் மூடி, மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். போய்ச் சேர்ந்ததும் அதே கூடையை இருட்டறையில் வையுங்கள், வேறு கூடைக்கு மாற்றாதீர்கள்.