மார்ச் கடைசியில் குல்மார்க்கில் புதுப்பனி கிடைக்குமா? நாற்பதைத் தாண்டியவருக்கு ஸ்கீபோர்டு சரிவருமா?

கேள்வி கேட்டவர் கும்பகோணத்துக்காரர், வயது 44 என்று எழுதியிருக்கிறார். மார்ச் கடைசி வாரம் காஷ்மீரில் இருக்கிற குல்மார்க் போக டிக்கெட் போட்டாகிவிட்டது, ஆனால் சீசன் முடிந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களாம். பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீளமான ஸ்கீ பலகையை நினைத்தாலே பயமாக இருக்கிறது, குட்டை ஸ்கீபோர்டில் பழகலாமா என்றும் கேட்கிறார்.

இரண்டுக்கும் என் பதில், ஆமாம். கிடைக்கும், சரிவரும்.

என் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவாக நிலம், சம்பா சாகுபடி. வயது 52. மூன்று வருடமாக மார்ச் கடைசியில் குல்மார்க் போய்வந்திருக்கிறேன். ஜனவரியில் போகச் சொல்லுவார்கள். ஜனவரியில் நான் எப்படிப் போவது? அறுவடை நேரம். நெல்லை விற்று, வைக்கோலையும் கட்டி முடித்த பிறகுதான் கை ஓயும். விவசாயிக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கீழே எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். என்னிடம் கார் கிடையாது. வருடம் முழுக்கச் சேர்த்த காசில், மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை போய், அங்கிருந்து ஸ்ரீநகர் போகிறேன். யாரிடமும் கடன் வாங்கவில்லை.

முதலில் பனி விஷயம். குல்மார்க் கிராமமே சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோண்டோலா என்கிற கம்பிவட ரயிலின் முதல் கட்டம் கொங்டூரி வரை, கிட்டத்தட்ட 3,100 மீட்டர். இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலைத்தோளுக்கு, 3,900 மீட்டருக்கு மேல். அதனால் கீழே இளகினாலும் மேலே நிற்கும். அங்கே பனியைக் கொண்டுவரும் மேகம் நம் வடகிழக்குப் பருவமழை மாதிரி வங்கக் கடலிலிருந்து வருவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் கிளம்பி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக அலை அலையாக வருகிறது. அந்த அலை மார்ச்சோடு நின்றுவிடாது, ஏப்ரலிலும் வரும். நமக்குப் பருவம் தப்பிய மழை என்றாலே வயிற்றில் புளி கரையும். கதிர் முற்றித் தலை சாய்ந்த நேரத்தில் இரண்டு நாள் பெய்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். அங்கே பருவம் தப்பிப் பெய்வதுதான் வரம். உத்தரவாதமா என்று கேட்காதீர்கள். 2024 ஜனவரியில், நட்ட நடு சீசனில், குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்பாகக் கிடந்தது. பிப்ரவரியில்தான் பெய்தது. நடு சீசனுக்கே அந்தக் கதி என்றால் கடைசி சீசனை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும்?

நான் இரண்டாம் வருடம் போனபோது மார்ச் 27. மலையடிவாரத்து டங்மார்க் தாண்டும்போது வெறும் மழை. மனசே விட்டுப்போயிற்று. ராத்திரி பத்து மணிக்கு மேல் தகரக் கூரையில் சத்தம் நின்றது. மழை விட்டுவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் அக்கா மகன் கதவைத் தட்டுகிறான்: “மாமா, எழுந்திருங்க. ஒரு சாண் விழுந்திருக்கு. வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணும்.” சத்தம் நின்றது மழை பனியாக மாறியதால்தான்.

ஸ்கீபோர்டும் அவன் கொண்டுவந்ததுதான். கனடாவில் வேலை பார்த்தபோது வாங்கியது. 99 சென்டிமீட்டர் நீளம், காலுக்கு ஒன்று, இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருக்கும். சாதாரண ஸ்கீயைவிட அகலம். கையில் கோல் வேண்டாம். 90களில் இதற்குப் பெரிய மவுசு இருந்தது. சாலமன் கம்பெனியின் ஸ்னோபிளேடு என்ற பெயரே எல்லாக் குட்டை ஸ்கீக்கும் பொதுப்பெயராகிவிட்டது. எக்ஸ் கேம்ஸ் என்கிற சாகச விளையாட்டுப் போட்டிகளில் 1998 முதல் 2000 வரை இதற்குத் தனிப் போட்டியே வைத்தார்கள். அப்புறம் மவுசு குறைந்துவிட்டது.

அன்று காலை வரிசையில் நின்றபோது ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு, இது குழந்தைகள் சாமான், புதுப்பனியில் முங்கிவிடும் என்று சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரி. தொடையளவு பனியில் குட்டைப் பலகை முங்கத்தான் செய்யும், தாங்குவதற்குப் பரப்பு போதாது. ஆனால் மார்ச் கடைசியில் நிலைமை வேறு. பழைய பனி வெயிலில் இளகி, இரவில் இறுகி, கெட்டித் தரையாக இருக்கும். அதன்மேல் ஒரு சாண் புதுசு. சேறு எவ்வளவு இருந்தாலும் அடியில் கெட்டி இருந்தால் கால் நிற்கும் என்பது நமக்குத் தெரியாதா?

பரம்பு அடித்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். தொளி உழுத வயலைச் சமன்படுத்த, மாட்டின் பின்னால் பரம்புப் பலகையைக் கட்டி, அதன்மேல் ஆள் நிற்பது வழக்கம். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா ஏற்றிவிட்டார். “முழங்காலை விறைக்காதே. பலகையைப் பார்க்காதே, மாட்டைப் பாரு. எடையைக் கொஞ்சம் குதிகாலுக்குக் கொண்டா” என்பார். எடை முன்னால் போனால் பலகையின் முன்விளிம்பு சேற்றில் குத்தும், நாமும் குப்புற விழுவோம். ஒற்றைக் காலில் அழுத்தினால் அந்தப் பக்கம் அமிழும்.

ஸ்கீபோர்டில் புதுப்பனியில் போவதற்கும் வார்த்தைக்கு வார்த்தை இதுதான் பாடம். நுனி குத்தக் கூடாது. எடை இரண்டு காலிலும் சமம், ஒரு நூல் பின்னால். கண் தூரத்தில். முதல் வருடம் பனி கெட்டியாக இருந்ததால் எனக்கு இது உறைக்கவில்லை. அன்று கொங்டூரியிலிருந்து இறங்கிய முதல் இருபதடியில் இரண்டு முறை குப்புற விழுந்தேன். மூன்றாம் முறை அப்பா குரல் காதில் கேட்டது. அப்படியே உட்கார்ந்த மாதிரி முழங்காலை மடக்கினேன். பலகை மேலே வந்தது. முழங்காலுக்குக் கீழே பனி இரண்டாகப் பிரிந்து பறக்கிறது, சத்தமே இல்லை. ஊசியிலை மரங்களுக்கு நடுவே இடமும் வலமும் திரும்பினேன். ஒரு மீட்டர் பலகை, நினைத்த இடத்தில் திரும்பும். கீழே வந்து நின்றபோது கண்ணில் தண்ணீர். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அன்று ஆறு தடவை இறங்கினோம். பதினொன்றரைக்கெல்லாம் பனி மாறிவிட்டது. காலையில் கையில் பிடித்தால் உதிர்ந்தது. அப்புறம் புட்டு மாவு மாதிரி பிடித்தால் பிடிபட்டது. ஒரு மணிக்கு ஈரம் ஏறிப் பலகையைப் பிடித்து இழுத்தது. வெயில் படும் சரிவு முதலில் கெடும், வடக்குப் பார்த்த சரிவு இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும்.

ஈரம் என்றதும் இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருடம் எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் என் நெல் பதினொரு நாள் வெட்டவெளியில் கிடந்தது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். கொண்டுபோன அன்று 16 இருந்த நெல், சாக்கு இல்லை என்று அவர்கள் காக்கவைத்த ராத்திரிகளில் பனி குடித்து 19 ஆனது. திரும்பக் கொட்டிக் காயவைத்த கூலி என் கையிலிருந்து போனது. தார்ப்பாய்கூடத் தரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் காஷ்மீரில் அந்தப் பனியைக் கையில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு அந்த நெல்தான் நினைவுக்கு வந்தது.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். பல ஸ்கீபோர்டுகளில் விழும்போது பூட்ஸைத் தானாக விடுவிக்கும் பிணைப்பு இருக்காது. காலைப் பிடித்துக்கொண்டால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியலாம். விடுவிக்கும் பிணைப்பு உள்ளதையே போடுங்கள், எங்களுடையது அப்படித்தான். புதுப்பனி விழுந்த மறுநாள் அஃபர்வாட் பக்கம், பாதுகாப்பைப் பார்க்கும் ரோந்துக்காரர்கள் திறக்காத சரிவில் கால் வைக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். நான் இரண்டாம் கட்டத்திலிருந்து இன்றுவரை சறுக்கியதில்லை. முதல் நாள் கிராமத்துச் சமவெளிச் சரிவிலேயே பயிற்சியாளரோடு பழகுங்கள்.

நாங்கள் கேட்ட கடைகளில் வாடகைக்கு ஸ்கீபோர்டு கிடைக்கவில்லை. மகளுக்குப் பிரசவம், இந்த வருடம் நான் போகவில்லை. எங்கள் ஜோடி பரண்மேல்தான் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள். பூட்ஸ் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். உங்கள் எடைக்கும் பூட்ஸ் அளவுக்கும் பிணைப்பைக் கடைக்காரரிடமே சரிசெய்து வாங்குங்கள், நீங்களாகத் திருகாதீர்கள்.