திருகோணமலையில் டிசம்பரில் புகைமூட்டம் ஏன் வருகிறது?

ஊரில் எதுவும் எரியாத நாளிலும் கொட்டியாரக் குடாவின் அக்கரை மங்கித் தெரிவது ஏன் என்று கேட்கிறார்கள். ஒரு நாட்டில் எழுந்த புகையும் நுண்தூசியும் காற்றோடு வந்து இன்னொரு நாட்டின் வானத்தை மூடுவதுதான் எல்லை தாண்டிய புகைமூட்டம். பக்கத்து வளவில் குப்பை எரித்தால் நம் கொடியில் காயும் உடுப்பு மணக்கிறதே, அதேதான்; வேலிக்குப் பதில் வங்காள விரிகுடா.

வட இந்தியாவில் வைக்கோல் எரிப்பு, செங்கல் சூளை, வாகனம், நிலக்கரி மின்நிலையம் எல்லாவற்றின் புகையும் குளிர்காலத்தில் மேலே எழாமல் தாழவே தேங்குகிறது. அப்புறம் வாடைக்காற்று அதைக் கடல்மேல் தள்ளிவருகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் இலங்கையில் காற்று இப்படிக் கெட்டு, 9ஆம் திகதி பாடசாலைகளையே மூடினார்கள். சரி, எல்லாப் பழியும் இந்தியாவுக்கு இல்லை. நம் வாகனப் புகையும் இதில் சேர்கிறது.

2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். தொய்வு உள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்கள் முதலில் இருமத் தொடங்குவார்கள்.

பலர் இதைப் பனி என்று விட்டுவிடுகிறார்கள். பனி வெயில் ஏறக் கலையும், இது மத்தியானத்திலும் நிற்கும்.