முனியாண்டி பேசுவதை மனநலக் கவுன்சிலரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: மிஸி அக்கா, என் தம்பிக்கு 24 வயது. முனியாண்டி காதுக்குள் பேசுகிறார், ராத்திரியில் திட்டுகிறார் என்கிறான். மனநோய் என்று மாதாமாதம் ஊசி போடுகிறோம். இப்போது கவுன்சிலரிடம் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் சிகிச்சைக்கும் அனுப்பினார்கள். முதல் நாளே அந்தக் கவுன்சிலர் பெண், "அது சாமி இல்லை, உன் மூளை" என்று மலாயில் சொல்லிவிட்டார். இனி போகமாட்டேன் என்கிறான். நம்ம ஆட்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?
– ஓர் அக்கா, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: ஒத்துவரும். தொடங்கிய விதம்தான் கோளாறு.

நானும் அந்தத் தப்பைச் செய்தவள்தான். பயிற்சி நர்ஸாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை அம்மன் வருகிறாள் என்ற ஒரு பெண்ணைப் பற்றி 'மதப் பிரமை' என்று எழுதிவைத்தேன். மறுநாள் அவர் மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "அருள் எங்க வீட்டுல எல்லாருக்கும் வரும், திருநீறு பூசினா மலையேறிடும். சோத்துல விஷம் வைக்கிறாங்கன்னு தூங்காம அழுவுறா, நான் கூட்டிட்டு வந்தது அதுக்கு!" நம்ம பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுத்து ஆடியவர் மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார். உங்கள் தம்பியின் குரல் மலையேறுவதே இல்லை.

இங்கிலாந்தில் மனநல மருத்துவர்கள் ஷனாயா ராத்தோட், டேவிட் கிங்டன் குழுவினர் கறுப்பினத்தவரிடமும் தெற்காசிய முஸ்லிம்களிடமும் பேசி, இந்தப் பேசும் சிகிச்சையை அவர்களுக்கு ஏற்றபடி எப்படி மாற்றலாம் என்று 2010-இல் எழுதினார்கள். நோயாளி சூனியம் என்றாலும் சரி, செய்த பாவம் என்றாலும் சரி, அவர் சொல்லும் காரணத்தை முதலில் கேள், குடும்பத்தையும் சேர்த்துக்கொள் என்பதுதான் சாரம். அந்த நாட்டு மருத்துவ வழிகாட்டியே இதற்குக் குறைந்தது 16 சந்திப்புகள் வேண்டும் என்கிறது. முதல் நாளே தீர்ப்புச் சொல்ல என்ன அவசரம்?

அடுத்த முறை நீங்களும் போய், முனியாண்டி உங்கள் வீட்டுக்கு யார், சுருட்டு படைப்பது எதற்கு என்று பத்து நிமிஷம் சொல்லுங்கள். 'காவல் காக்கிற சாமி என்னை ஏன் திட்டணும்?' என்ற கேள்வி தம்பியின் வாயிலிருந்தே வரவேண்டும். நீங்கள் கேட்டால் சண்டையாகிவிடும். அப்புறம் வெளியே வந்துவிடுங்கள். தமிழ் தெரிந்தவரைக் கேட்டுப் பாருங்கள்; கிடைக்காவிட்டாலும் நீங்கள் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். குரல் சொல்லும் கெட்ட வார்த்தையை அக்கா முன்னால் எந்தத் தம்பி சொல்வான்?

கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். பூசாரி ஊசியை நிறுத்தச் சொன்னால் அதை மட்டும் கேட்காதீர்கள். 'அடி', 'செத்துப்போ' என்று குரல் ஏவ ஆரம்பித்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.