திங்கட்கிழமைக் காய்ச்சல்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது, ஒரு கம்பனியில் கணக்காளர். முன்பு சனி, ஞாயிறுகளில் மட்டும் குடித்தவர், இப்போது ஒவ்வொரு இரவும் சாராயம். காலையில் கை நடுங்குகிறது, கொஞ்சம் குடித்தால்தான் நிற்கிறது. கை நீட்டமாட்டார், நல்ல மனிதர். திங்கட்கிழமைகளில் அவர் எழும்பாவிட்டால், மகள்தான் அவருடைய போனில் ஒஃபிசுக்குக் காய்ச்சல் என்று மெசேஜ் போடுவாள். பத்தாம் தரம் படிக்கிறாள், இங்கிலிஷ் நன்றாக வரும். தெரிந்த ஒருவர் குடியை நிறுத்தும் மாத்திரை தந்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: கலக்கவே கூடாது, தங்கச்சி. இதற்கென்று பெரும்பாலும் கைமாறுவது டைசல்ஃபிராம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் விழும். இதய நோய் உள்ளவர் என்றால் உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும். நோயாளிக்குத் தெரியாமல் எந்த டொக்டரும் அதைக் கொடுக்கக்கூடாது.

இனி உங்கள் மகளுக்கு வருவோம். அவளைப் பற்றி நீங்கள் எழுதியது இரண்டே வரி, அதிலும் பெருமை. இங்கிலிஷ் நன்றாக வருமாம்! அந்தப் பிள்ளை ஞாயிறு இரவு படுக்கப் போகும்போது என்ன பார்த்துவிட்டுப் போவாள் என்று யோசித்தீர்களா? போத்தலில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பாள். போன கிழமை காய்ச்சல் போட்டாச்சு, இந்தக் கிழமை வயிற்றோட்டம் போடலாமா என்று யோசிப்பாள். தகப்பனின் மனேஜர் எந்தப் பொய்யை நம்புவார் என்பது 15 வயதுப் பிள்ளைக்கு அத்துப்படி. அதன்பிறகு வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

அவர் அடிப்பதில்லை என்கிறீர்கள். அடிக்காமல் இருப்பதை ஒரு தகப்பனின் தகுதியாக நான் எண்ணமாட்டேன். குடும்ப மானத்துக்குத்தான் இதையெல்லாம் மறைக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. அதைச் சுமக்க நீங்கள் இருக்கிறீர்கள், அவர் இருக்கிறார், இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இருப்பார்கள். எல்லாரும் ஒதுங்கிக்கொண்டு பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறீர்கள். குடிப்பவரின் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் அதே பிரச்சினை வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடக் கூட. குடியை மறைக்கும் வித்தையையும் சேர்த்து வீட்டிலேயே படிப்பிக்க வேண்டுமா?

இன்னொன்று. மகளின் மெசேஜ் இப்படிப் போய்க்கொண்டிருக்கும்வரை உங்கள் கணவருக்குத் திங்கட்கிழமை என்றொரு நாளே இல்லை. எழும்பும்போது எல்லாம் சரிக்கட்டியாகிவிட்டது. பிறகு எதற்கு நிறுத்துவார்?

நடுக்கத்தைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். குடித்தால்தான் கை நிற்கிறது என்றால் உடம்பு மதுவுக்கு அடிமையாகிவிட்டது. ஆகவே கோபத்தில் போத்தலை உடைத்து ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். அப்படி நிறுத்துபவர்களுக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சித்தம் கலங்கி, இல்லாத பூச்சியெல்லாம் சுவரில் ஊர்வதுபோலத் தெரியலாம். பேய் பிடித்துவிட்டது என்று நூல் கட்டக் கூட்டிப்போன வீடுகளை எனக்குத் தெரியும். அது உயிருக்கு ஆபத்தான நிலை. வார்டில் வைத்து, விட்டமின் பி1 கொடுத்து, மருந்தோடு படிப்படியாக நிறுத்துவார்கள். உங்களுக்குக் கிட்ட களுபோவில ஆஸ்பத்திரி, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை. முதலில் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம். கொழும்பு 7இல் சுமித்ராயோ தொண்டு அமைப்பின் மெல் மெதுர என்ற, குடிப் பிரச்சினைக்கு ஆலோசனை தரும் நிலையம் இருக்கிறது, அங்கே குடும்பத்தவர்களும் போய்க் கதைக்கலாம். அவர் வர மறுத்தால் நீங்கள் தனியாகப் போங்கள்.

வேலை போய்விடும் என்று பயப்படுவீர்கள். வைத்தியசாலையில் நின்றால் மருத்துவச் சான்றிதழ் கிடைக்கும், அதைக் கொடுத்து லீவு கேட்கலாம். மகளின் மெசேஜ்களை எத்தனை நாளைக்கு நம்புவார்கள்?

இந்த ஞாயிறு, அவர் குடிக்க முதல் போனை அவர் கையிலேயே கொடுத்து, நாளைக்கு எழும்பாவிட்டால் ஒஃபிசுக்கு நீங்களே சொல்லுங்கள், இந்த வீட்டில் வேறு யாரும் சொல்லமாட்டோம் என்று சொல்லுங்கள். சத்தம் போடுவார், போடட்டும். அதற்கு முன் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுக்கு வருத்தம், அதற்கு மருந்து செய்யப் போகிறோம், அது உன்னுடைய வேலை இல்லை, இவ்வளவு நாளும் உன்னைச் செய்யவிட்டது அம்மாவின் பிழை என்று சொல்லுங்கள். அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.