ஓடு பதிக்கும் முன் ஸ்கிரீட் தளம்: கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஸ்கிரீட் போட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. நாளையே ஓடு பதிக்கலாம் என்கிறார் குத்தகையாளர். சரியா?

சரியில்லை. ஸ்கிரீட் என்பது கான்கிரீட்டின் மேல் சிமெண்டும் மணலும் கலந்து போடும் தளப்பூச்சு. அதை முதல் ஏழு நாள்கள் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, உள்ளே ஈரம் நிற்கும்படி காக்க வேண்டும். விரிப்பை எடுத்த பிறகு குறைந்தது மூன்று வாரங்கள் காய விட வேண்டும். பிரிட்டிஷ் தர விதி 5385 சொல்லும் கணக்கு இது. இறுகுவது வேறு, காய்வது வேறு. இறுகுவதற்குத் தண்ணீர் தேவை. ஆகவே முதல் வாரத்தில் மின்விசிறியைச் சுழல விட்டால் மேற்பரப்பு பொடியாகும், ஓரங்கள் மேல்நோக்கி வளையும். அதன் பின் காயும்போது தளம் சுருங்குகிறது. மேலே ஒட்டிய ஓடு சுருங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பிடிப்புதான் அந்த இழுபறியைத் தாங்கியாக வேண்டும். தாங்க முடியாமல் போனால், சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் கூடத்தின் நடுவில் ஓடுகள் படாரென்று கூடாரமாக எழும். கோலாலம்பூரின் மழை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எளிதில் தாண்டுவதால், மூன்று வாரம் என்பதைக் கீழ் எல்லையாக மட்டும் கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

நிறத்தை நம்ப வேண்டாம். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் இருக்கிறது. பளிங்குக்கல் பதிக்கப் போகிறவர்களுக்கு இச்சோதனை இரட்டிப்பாகத் தேவை. அடியிலிருந்து ஏறும் ஈரம் கல்லில் கறையாக நிற்கும்.

ஜெலுத்தோங் வாசகர்: எங்கள் தளம் வழவழவென்று பளபளப்பாக வந்திருக்கிறது. வேலை நன்றாக நடந்திருக்கிறது என்றுதானே பொருள்?

எனக்கு அதுதான் கவலை தருகிறது. தளம் ஈரமாக இருக்கும்போதே மேலே வெறும் சிமெண்டுத் தூளைத் தூவிக் கரண்டியால் தேய்த்து மெருகேற்றும் பழக்கம் நம் வேலைத்தளங்களில் உண்டு. ஓடு பதிக்கப்போகும் தளத்தில் அதைச் செய்யக் கூடாது. அந்தத் தூள் மெல்லிய தோலாகிவிடுகிறது. பசை அந்தத் தோலைப் பிடிக்கிறது, தோலோ தளத்தைப் பிடிப்பதில்லை. ஓர் ஆணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிப் பாருங்கள். வெண்மையான மாவு எழுந்து, கீறலின் ஓரம் செதில் செதிலாகப் பெயர்ந்தால், வைரச் சக்கரம் பூட்டிய கிரைண்டரால் அத்தோலை எடுத்து, மணல் துகள் கண்ணுக்குத் தெரியும் வரை தேய்க்க வேண்டும். பிறகு தூசியைத் தூசு உறிஞ்சியால் எடுக்க வேண்டும். விளக்குமாறு அதைத் துளைகளுக்குள் தள்ளிவிடும். அடுத்து இரும்புக் கம்பியால் தளம் முழுவதும் தட்டிக் கேளுங்கள். வெற்றொலி வரும் இடங்களில் ஸ்கிரீட்டே கான்கிரீட்டை விட்டுப் பிரிந்திருக்கிறது, அவற்றை வெட்டியெடுத்து மீண்டும் போட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே பிரைமர், அதாவது பசை நன்றாகப் பிடிப்பதற்காக முதலில் பூசும் பூச்சு.

கெப்போங் வாசகர்: பத்து நாள் ஆகிவிட்டது. குளிர்சாதனத்தை ஓட விட்டால் உடனே பதிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஓரிடத்தில் தளம் பள்ளமாக இருக்கிறது. பசையைக் கனமாகப் போட்டுச் சமன் செய்யலாமா?

கூடாது. சாதாரண ஓட்டுப் பசை 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்துக்கென்றே செய்யப்பட்டது. கனமாகப் போட்டால் உலரும்போது சுருங்கி ஓட்டைக் கீழே இழுக்கும். பள்ளத்தைப் பிரைமர் பூசிச் சமன்படுத்தும் கலவையால் முன்கூட்டியே நிரப்புங்கள். 1.2 மீட்டர் நீள மட்டப்பலகையின் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது என்பது மலேசியக் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியமான சி.ஐ.டி.பி., கட்டட வேலையின் தரத்தை மதிப்பிடும் குவாலாசிக் முறையில் வைத்திருக்கும் அளவு.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: என் தந்தையார் கொத்தனார். ஓட்டைத் தண்ணீரில் ஊறவைத்துச் சிமெண்டுப் பால் தடவிப் பதித்தார். 1980களில் பதித்தவை இன்றும் அசையவில்லை. பசையும் பிரைமரும் வியாபாரத் தந்திரம்.

உங்கள் தந்தையார் தம் காலத்து ஓட்டுக்குச் சரியான முறையைத்தான் கையாண்டார். அவை பின்புறம் நீரை உறிஞ்சும் களிமண் ஓடுகள். சிமெண்டுப் பால் அவற்றின் துளைகளுக்குள் புகுந்து இறுகியது. இப்போது நீங்கள் வாங்கும் போர்சலின் ஓடு தன் எடையில் 0.5 விழுக்காடு நீரைக்கூட உறிஞ்சாது. சிமெண்டுப் பால் புக அதில் இடமில்லை. பாலிமர் கலந்த பசைதான் பிடிக்கும்.

அதே வாசகர்: என் மகன் வீட்டில் போர்சலினையும் அப்படித்தான் பதித்தோம். இரண்டு ஆண்டாக ஒன்றும் ஆகவில்லையே?

ஒரு நாணயத்தால் ஒவ்வோர் ஓட்டின் நான்கு மூலைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விழாமல் இருப்பதாலேயே ஓர் ஓடு ஒட்டியிருக்கிறது என்று ஆகாது. அண்டை ஓடுகளின் நெருக்கமும் அதை நிறுத்தி வைத்திருக்கலாம்.

நிபோங் திபால் வாசகர்: பெரிய கற்களை இன்றும் ஈரம் குறைந்த கலவையின் மேல்தானே பதிக்கிறார்கள்?

ஆம், நீங்கள் சொல்வது வேறு முறை. அங்கே தளப்பூச்சும் பதிப்பும் ஒரே நாளில் ஒரே வேலையாக நடப்பதால், நான் மேலே சொன்ன காத்திருப்பும் தேய்ப்பும் அதற்குப் பொருந்தா. ஆனால் அங்கேயும் போர்சலினின் முதுகில் தடவுவது வெறும் சிமெண்டுப் பாலாக இருக்கக் கூடாது. பிரிக்பீல்ட்ஸ் நண்பரோடு இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

பங்சார் வாசகர்: குளியலறைக்கு?

சரிவை ஸ்கிரீட்டிலேயே கொடுங்கள், பசையில் கொடுக்க வேண்டாம். நீர்த்தடுப்புப் பூச்சு உலர்ந்ததும் வடிகுழாயை அடைத்து 24 மணி நேரம் நீரைத் தேக்கிச் சோதித்த பிறகே ஓடு. இங்கேயும் சிமெண்டுத் தூளைத் தூவ விடாதீர்கள்.

தாமான் துன் வாசகர்: மேல்மாடியிலிருந்து எங்கள் கூரையில் நீர் கசிகிறது.

இது என் துறையன்று. கட்டட நிர்வாக அமைப்பிடம் எழுத்துமூலம் அறிவியுங்கள். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி அவர்கள் ஏழு நாள்களுக்குள் வந்து பார்வையிட வேண்டும்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: மேம்பாட்டாளரிடமிருந்து சாவி வாங்கி ஓராண்டு ஆகிறது. கூடத்தில் பாதி ஓடுகள் வெற்றொலி எழுப்புகின்றன. உடைத்துவிட்டு நானே புதிதாகப் பதிக்கட்டுமா?

உடைக்காதீர்கள். வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு மேம்பாட்டாளருடையது. வெற்றொலி வரும் ஓடுகளில் ஒட்டுநாடாவால் குறியிட்டு, படம் எடுத்து, எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பழுது பார்க்க வருகிறவர்கள் ஓட்டைப் பெயர்த்ததும் அதன் முதுகையும் கீழ்த்தளத்தையும் பாருங்கள்: பசை ஓட்டோடு வந்து அதன் அடியில் வெண்தோல் ஒட்டியிருந்தால், தளத்தைத் தேய்க்காமல் புதிய ஓட்டைப் பதிக்க அவர்களை அனுமதிக்க வேண்டாம்.