தியானத்தில் உட்கார்ந்தால் எண்ணங்கள் இன்னும் கூடுகின்றன என்பவருக்கு

பத்து நாளாக இரவில் அரை மணி நேரம் உட்கார்கிறேன், கண்ணை மூடியதுமே அலுவலகமும் கடனும்தான் ஓடுகின்றன, எனக்கு இது சரிப்படாது போல என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணங்கள் கூடவில்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தவை இப்போதுதான் காதில் விழுகின்றன. மின்விசிறியை நிறுத்தியதும் கடிகாரச் சத்தம் கேட்குமே, அது மாதிரி.

விரட்டத்தான் கூடாது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணி அடியுங்கள் என்றார். மணி ஓயவில்லை.

முதலில் அரை மணியைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்கட்டும். மடித்த போர்வை போதும், நாற்காலியும் சரிதான். மூச்சை வெளியே விடும்போது ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, இப்படிப் பத்து வரை. அப்புறம் மறுபடி ஒன்று. நான் தொடங்கிய புதிதில் பெரும்பாலும் நான்கைத் தாண்டியதில்லை. சில நாள் திடுக்கிட்டுப் பார்த்தால் பதினேழில் இருப்பேன்! எண்ணிக்கை அதுபாட்டுக்கு ஓடும், மனம் வேறெங்கோ. அதைக் கவனிக்கிற நொடிதான் பயிற்சியே. உங்களைத் திட்டிக்கொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள்.

கடன் கணக்கை உட்காரும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், பாதி நச்சரிப்பு அடங்கும். இரவில் தூக்கம் சொக்கினால் காலைக்கு மாற்றிப் பாருங்கள். நெஞ்சு படபடத்தால் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தபடி எண்ணலாம். அப்போதும் தாங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.