வாஷிங் மெஷின் ஆடம்பரமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் வீடு. சமையல் முடித்து அப்புறம் துணி துவைக்கிறேன். வாஷிங் மெஷின் கேட்டால், "நாங்க கல்லுல அடிச்சுத் துவைக்கலையா? இது ஆடம்பரம்" என்கிறார் மாமியார். (வாசகி, பெரம்பூர்)

ப: மாமியார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவருக்குத் துவைக்கிற கல் இருந்தது, கிணறு இருந்தது, பகல் பொழுதும் இருந்தது. உங்களுக்கு இருப்பது இரவு பத்து மணியும் பாத்ரூம் தரையும். ஒரே மெஷின் ஒரு வீட்டில் ஆசை, இன்னொரு வீட்டில் தேவை. யாருடைய தூக்கத்தை, யாருடைய முதுகை அது காப்பாற்றுகிறது என்று பார்த்துத்தான் நான் சொல்வேன். உங்களுக்கு அது தேவை, வாங்குங்கள்.

எதை வாங்குவது என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். 2019-ல் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் வீடு என்றால் முன்பக்கம் கதவு உள்ள ஃப்ரண்ட் லோடு பாருங்கள். விலை கூடுதல், தண்ணீர் குறைவாக எடுக்கும். குடத்தில் பிடித்து வைக்கிற வீடு என்றால் துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இருக்கும் செமி ஆட்டோமேட்டிக் போதும். பக்கெட்டில் மொண்டு ஊற்றியே ஓட்டலாம், விலையும் குறைவு.

கே: ஆடித் தள்ளுபடியில் ஒரு சேலை எடுக்க தி.நகர் போனேன். நான்கோடு திரும்பினேன். ஏன் இப்படி? (வாசகி, குரோம்பேட்டை)

ப: விலைச்சீட்டில் கோடு போட்டு அடித்திருக்கிறார்களே, அந்தப் பழைய விலைதான் காரணம். 1974-ல் டிவெர்ஸ்கி, கானெமன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையை எழுதினார்கள். 10-லோ 65-லோ மட்டும் நிற்கும்படி செய்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 வந்தவர்கள் 25 என்றார்கள், 65 வந்தவர்கள் 45 என்றார்கள். சம்பந்தமே இல்லாத எண்ணே இப்படி இழுக்கும்போது, சேலையிலேயே தொங்குகிற எண் இழுக்காதா? அடுத்த முறை கிளம்பும் முன் பீரோவைத் திறந்து ஒரு நிமிடம் நில்லுங்கள்.

கே: ஆட்டோ ஓட்டுகிறேன். தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீருக்கு மூணு வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கலாமா? வீண் பெருமை என்கிறார் மனைவி. (வாசகர், வியாசர்பாடி)

ப: வீண் பெருமை என்று நான் சொல்லமாட்டேன். மனிதத் தேவைகளை வரிசைப்படுத்தி 1943-ல் எழுதிய உளவியலாளர் மாஸ்லோ, பசி, பாதுகாப்போடு மரியாதையையும் தேவையாகவே வைத்தார். ஒன்று முழுதாகத் தீர்ந்தால்தான் அடுத்தது வரும் என்றும் அவர் சொல்லவில்லை. வயிற்றைக் கட்டியாவது சீர் செய்கிற நம் ஆட்களைப் பார்த்தாலே அது புரியும்.

ஆனால் மூணு வட்டி என்றால் மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. அசல் அப்படியே நிற்கும். குழந்தை உங்கள் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்வதில்தான் உங்கள் மரியாதை இருக்கிறது. கடன் கேட்பது வரிசைத் தட்டுகளின் எண்ணிக்கைக்கு. தோடும் பட்டுப்பாவாடையும் கையிருப்பில் முடியுமா என்று பாருங்கள். தங்கையிடம் இப்போதே மனம்விட்டுப் பேசுங்கள். அன்றைக்குச் சபையில் தெரிய வந்தால்தான் அவருக்கு வலிக்கும்.

கே: நண்பர்கள் எல்லாரும் புது போன் வைத்திருக்கிறார்கள். இஎம்ஐ-யில் வாங்கலாமா? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

ப: தம்பி, பழைய போனில் என்ன செய்ய முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். சார்ஜ் நிற்கவில்லை என்றால் ரிச்சி தெருவில் பேட்டரி மாற்றிப் பாருங்கள். வெளியே எடுக்கவே கூச்சமாக இருக்கிறது என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அப்புறம் தவணை எத்தனை மாதம், அதைக் கட்டப்போவது யார் என்று பக்கத்திலேயே எழுதி, அந்தத் தாளை வீட்டில் காட்டிவிட்டுக் கேளுங்கள்.